கார்டு எடுக்கிற தோல் டாக்டர்

அன்றைக்கு, வியாழக்கிழமை, காலை பதினொன்றே காலுக்கு, அந்த ஆஸ்பத்திரியின் காப்பீட்டு ஜன்னல் பக்கத்தில் இருந்தவர்கள் ஏழு பேர். நான், அமுதா, சலைன் பாட்டில் மாட்டிய கம்பியைப் பிடித்துக்கொண்டு. என் வீட்டுக்காரர் ஏழுமலை, தோளில் ஒரு கட்டு வாழை இலையோடு. என்னோடு உப்பளத்தில் வேலை செய்கிற பவுனக்கா. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் காப்பீட்டு வேலை பார்க்கிற தம்பி. அவருக்குப் பக்கத்து ஜன்னலில் பணம் வாங்குகிற பெண். வானூர்ப் பக்கத்திலிருந்து குடலிறக்க ஆபரேஷனுக்காக வந்து பெஞ்சில் காத்திருந்த ஒரு பெரியவர். தரை துடைத்துக்கொண்டிருந்த ஸ்டெல்லா. அவ்வளவுதான். எட்டாவது ஆள் கிடையாது.

இதை ஏன் முதலிலேயே எழுதுகிறேன் என்றால், எட்டாவதாக ஒரு மேனேஜர் அங்கே இருந்தார், அவர் எனக்கு எல்லாவற்றையும் பொறுமையாக எடுத்துச் சொன்னார், நான் கேட்டுச் சம்மதித்தேன் என்று அந்த ஆஸ்பத்திரியிலிருந்து ஒரு கடிதம் கொடுத்திருக்கிறார்கள். நான் ஏழாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவள். கடிதத்தில் பாதி இங்கிலீஷ். ஆனால் எனக்கு எண்ணத் தெரியும். பயந்த சுபாவம் உள்ளவர்கள் எண்ணுவார்கள். பஸ்ஸில் ஏறினால் எத்தனை பேர், இறங்குகிற வழி எது என்று பார்த்துவிட்டுத்தான் உட்காருவேன். உப்பளத்தில் பாத்திக்குள் இறங்கும்போது கரையில் எத்தனை செருப்பு இருக்கிறது என்று எண்ணுவேன், ஏறும்போது மறுபடியும் எண்ணுவேன். என் மகள் ரேவதி இதை ஒரு வியாதி என்பாள். அந்த வியாதி இருந்தது நல்லதாகப் போயிற்று.

எழுதுவதற்கு இன்னொரு காரணமும் உண்டு. மரக்காணம் பஸ் ஸ்டாண்டில் என்னைப் பார்க்கிற பெண்கள் எல்லோரும் கேட்பது ஒன்றுதான்: "அந்தத் தோல் டாக்டரு கார்டு எடுப்பாங்களா?" ஒவ்வொருத்தியிடமும் நின்று சொல்ல வாய் வலிக்கிறது. என் வாய் இன்னும் முழுதாக ஆறவில்லை. இப்போது மழைக்காலம், அளத்தில் வேலை இல்லை, வீட்டில்தான் இருக்கிறேன். எழுதிவிடுகிறேன். ஆஸ்பத்திரியின் பெயரை மட்டும் எழுதவில்லை. மனு நடந்துகொண்டிருக்கிறது. நேரில் வந்து கேட்டால் சொல்வேன்.

முதலில் வாயில்தான் வந்தது. மாசி மாதம், உப்பு நன்றாக விளைகிற நேரம். கன்னத்தின் உள்பக்கம் இரண்டு புண். உடம்புச் சூடு என்றார்கள், மோர் குடித்தேன். வெற்றிலையை விட்டேன். புண் ஆறாமல் நாக்குக்கு வந்தது. இட்லியைப் பாலில் ஊறவைத்து விழுங்கினேன். பங்குனியில் மார்பிலும் முதுகிலும் கொப்புளம் வந்தது. சுட்ட கொப்புளம் போல இறுக்கமாக இல்லை. பாதித் தண்ணீர் நிரப்பிய பிளாஸ்டிக் பை மாதிரி தொளதொளவென்று இருந்தது. ஜாக்கெட் உரசினால் உடையும். உடைந்த இடம் பச்சையாகவே கிடக்கும், மூடாது.

மேகம் கறுத்தால் எனக்குப் பயம். வீட்டுக்காரர் போனை எடுக்காவிட்டால் பயம். கேஸை மூடினோமா என்று பாதி வழியிலிருந்து திரும்பி வந்து பார்த்திருக்கிறேன். இப்படி எதற்கெல்லாமோ பயந்த நான், பயப்பட வேண்டிய இந்த ஒன்றுக்குப் பயப்படவில்லை. காரணம், உப்பளத்தில் வேலை செய்கிறவர்களுக்கு எந்தப் புண் வந்தாலும் அது உப்புப் புண். காலில் வரும், விரல் இடுக்கில் வரும், வரப்பு ஓரம் கிழித்தால் வரும். அதற்கு எங்களிடம் ஒரு வைத்தியமும் உண்டு. கடைசிப் பாத்தியில், உப்புப் பூக்கப் போகிற கெட்டித் தண்ணீரில், எரிச்சல் அடங்குகிற வரைக்கும் நிற்பது. எரிச்சல் அடங்கினால் புண் செத்துவிட்டது என்று கணக்கு.

காலுக்கு நிற்கலாம். முதுகுக்கு என்ன செய்வது. பவுனக்கா ஒரு குடம் எடுத்து வந்தாள்.

"மொதல்ல எரியும், அப்பறம் எரியாது. வாயை மூடிக்கினு குனி," என்றாள்.

இரண்டு குடம் ஊற்றினாள். நான் கத்தவில்லை. கரையில் ஆண்கள் இருந்தார்கள். மூன்றாம் நாள் முதுகில் உள்ளங்கை அகலத்துக்குத் தோல் இல்லை. அவள் கெட்டது நினைத்து ஊற்றவில்லை. எங்களில் யாராக இருந்தாலும் அதைத்தான் செய்திருப்போம். நானே வேறு பெண்களுக்கு ஊற்றியிருக்கிறேன்.

ஆரம்ப சுகாதார நிலையத்து டாக்டர்தான் முதலில் முகம் மாறினார். "இது உப்பு இல்லம்மா. ட்யூப் போட்டு ஆறுற விஷயமும் இல்ல. தோல் டாக்டர் பாக்கணும், உடனே பாக்கணும்," என்று சீட்டு எழுதிக் கொடுத்தார். பெரிய அரசு ஆஸ்பத்திரிக்குப் போயிருக்கலாமே என்று கேட்பீர்கள். போயிருக்கலாம்தான். இரண்டு பஸ் மாற வேண்டும். சீட்டில் சாய முடியாத முதுகு. பக்கத்தில் எங்காவது கார்டு எடுக்கிற இடம் இருந்தால் போதும் என்று நினைத்தோம். கையில் அரசு காப்பீட்டு கார்டு இருக்கிறது. பிளாஸ்டிக் உறையில் போட்டு, அரிசி டப்பாவுக்குள் பத்திரமாக வைத்திருந்தேன். அதை ஒரு தடவைகூட வெளியே எடுத்ததில்லை.

ரேவதி ஆரோவில்லில் ஊதுபத்தி பேக்கிங் வேலைக்குப் போகிறாள். மதியச் சாப்பாட்டு நேரத்தில் அவளும், வீட்டில் நானும் போன் போட்டோம். நோட்டில் எழுதி வைத்தேன், பதினோரு இடம். ஒரு டாக்டர் வாரத்தில் இரண்டு நாள்தான் வருவார், கார்டு எடுக்க மாட்டார். ஓர் இடத்தில் போனை எடுத்த பெண், "ஸ்கின்னுக்கெல்லாம் கார்டு கெடையாதும்மா, ஹார்ட்டு, கிட்னி மாதிரி இருந்தாத்தான்" என்றாள்.

வீட்டுக்காரர் பக்கத்திலிருந்து, "அப்ப ஹார்ட்டுன்னே சொல்லிடுமே. பயந்து பயந்து உனுக்கு அதுவும்தான் கெட்டிருக்கும்," என்றார்.

பாண்டிச்சேரியில் ஒரு கண்ணாடிக் கட்டடத்துக்கு நேரிலேயே போனோம். சுவர் முழுக்க வெள்ளை வெளேரென்ற பெண்களின் படம். நான் சேலைக்கு மேல் ஒரு பழைய வேட்டியைப் போர்த்திக்கொண்டு நின்றேன்.

"கார்டு எடுப்பீங்களா?" என்று கேட்டேன்.

"எடுப்போம் மேடம். கிரெடிட்டா, டெபிட்டா?"

அரிசி டப்பா கார்டை நீட்டினேன். அந்தப் பெண் சிரிக்கவில்லை, அதற்காக அவளை இப்போதும் மெச்சுகிறேன். "இது இங்க நடக்காதும்மா," என்றாள் மெதுவாக. வெளியே வந்ததும் வீட்டுக்காரர், "இது தோல் ஆஸ்பத்திரி இல்ல, பெயிண்ட் கடை" என்றார். சிரித்தால் உதடு வெடிக்கும். சிரித்தேன், வெடித்தது.

கடைசியில் ரேவதியோடு வேலை செய்கிற ஒரு பெண் சொல்லித்தான் இந்த ஆஸ்பத்திரி தெரிந்தது. அங்கே தோல் டாக்டர் ஒரு அம்மா தினமும் உட்காருகிறார், வாசலிலேயே காப்பீட்டு போர்டு இருக்கிறது என்றாள்.

இங்கே ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் நாங்கள் பத்துப் பதினைந்து நாளை இதில்தான் வீணாக்கினோம். டாக்டரைப் போய்ப் பார்ப்பதற்கும், சீட்டுக்கும், வெளியே வாங்குகிற மருந்துக்கும் நாங்கள் போன இடங்களில் கார்டு செல்லவில்லை. படுக்கையில் சேர்த்தால்தான் கார்டு, அதுவும் அவர்கள் பட்டியலில் அந்த வியாதி இருந்தால்தான். அதனால் "கார்டு எடுப்பீங்களா" என்று மொட்டையாகக் கேட்டால் எடுப்போம் என்பதும் உண்மை, எடுக்க மாட்டோம் என்பதும் உண்மை. "அட்மிட் பண்ணா எடுப்பீங்களா" என்று கேட்க வேண்டும். இதை எனக்கு யாரும் சொல்லவில்லை, உங்களுக்கு நான் சொல்கிறேன்.

தோல் டாக்டர் அம்மா என்னை நாற்காலியில் உட்காரச் சொல்லவில்லை. நிற்க வைத்தே பார்த்தார். வாயை டார்ச் அடித்துப் பார்த்தார். பிறகு நன்றாக இருந்த இடத்தில், தோள்பட்டைக்குக் கீழே, கட்டை விரலை வைத்து அழுத்தி லேசாகத் தள்ளினார். நல்ல தோல் நகர்ந்தது. ஆறிய பாலின் மேல் ஆடை நகர்கிற மாதிரி. ரேவதி சுவர் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

"இதுக்குப் பேரு பெம்பிகஸ்," என்றார் டாக்டர். "தோல்ல ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக்கறதுக்கு ஒரு பசை இருக்கும்மா. கிருமிய அடிக்கறதுக்கு ரத்தத்துல ஒரு சக்தி இருக்குது பாருங்க, அது தப்பா இந்தப் பசையைப் போய்க் கரைக்குது. அதான் தோல் கழண்டுக்குது. யாருக்கும் ஒட்டாது. நீங்க செஞ்ச தப்பாலயும் வரல."

"உப்பாலயா டாக்டர்?"

"உப்பால வரல. உப்புத் தண்ணி பட்டு இன்னும் கெட்டுச்சு."

"செத்துடுவேனா?"

இப்படி நேராகக் கேட்பேன் என்று நானே நினைக்கவில்லை. அவரும் நேராகவே சொன்னார். "வைத்தியம் பண்ணலைன்னா, திறந்து கிடக்கற இடத்துல கிருமி போயி ரத்தத்துல கலந்துடும். அது ஆபத்துதான். பண்ணா இல்ல. இன்னைக்கே படுங்க, மூணு வாரம் ஆகும். கார்டுல இது வரும், நான் எழுதித் தர்றேன்."

அவர் எழுதிக் கொடுத்த தாளோடு கீழே காப்பீட்டு ஜன்னலுக்குப் போனோம். இங்கேதான் எல்லாம் நின்றது. கார்டு சரி, ரேஷன் கார்டு சரி, ஆதார் சரி. கடைசியாக ஒரு சிறு பெட்டியை முன்னால் தள்ளி, கட்டை விரலை வைக்கச் சொன்னார் அந்தத் தம்பி. வைத்தேன். சிவப்பாக எரிந்தது. இன்னொரு தடவை வைத்தேன், சிவப்பு.

எங்களுக்கு இது புதிது இல்லை. உப்பு வாருகிற கையில் ரேகை நிற்காது. இருபத்தாறு வருஷம் வாருபலகையைப் பிடித்த கை. ரேஷன் கடைக்கு எங்கள் தெருவில் பெண்கள் போவதில்லை, விரல் தேயாத பிள்ளைகளைத்தான் அனுப்புவோம். இதில் விரல் நுனியும் இப்போது கொப்புளித்துக் கிடக்கிறது.

"ரேகை விழல," என்றார் தம்பி. "விழாம அப்ரூவல் போட முடியாது. இப்போதைக்கு கேஷ் கட்டி அட்மிட் ஆயிடுங்க, அப்பறம் பாத்துக்கலாம்."

வீட்டிலிருந்த பணம், ரேவதியின் சம்பளம், பவுனக்கா முந்தானையில் முடிந்து வைத்திருந்தது எல்லாம் சேர்த்து ஒன்பதாயிரம் கட்டினோம். ரசீதில் 'முன்பணம்' என்று இருந்தது. ரசீதை வாங்கி நோட்டுக்குள் வைத்தேன்.

வார்டில் ஆறு கட்டில். என் கட்டில் ஜன்னல் ஓரம். முதல் நாளே இடுப்புக்கு மேல் ஓர் இடத்தை மரக்கச் செய்து, ஒரு மொச்சைக் கொட்டை அளவுக்குத் தோலை எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பினார்கள். அதற்கு பயாப்ஸி என்று பெயர். ஊசி வலிக்கும், எடுப்பது வலிக்காது, தையல் ஒன்று. நோயை அடக்குவதற்கு ஸ்டீராய்டு மருந்தை பாட்டிலில் கலந்து ஏற்றினார்கள். அது ஏறினால் சர்க்கரை ஏறும், முகம் ஊதும், தூக்கம் கெடும், கோபம் வரும் என்று நர்ஸ் சொன்னார். கோபம் வரும் என்பதை நான் குறித்துக்கொண்டேன்.

ஒவ்வொரு காலையும் கத்திரிப்பூ நிறத்துத் தண்ணீரில் நனைத்த துணியை உடம்பில் போட்டு, ஒட்டியிருப்பதை ஊற வைத்து எடுப்பார்கள். அதுதான் நான் பயந்த வேளை. ஏழு மணிக்குத் தள்ளுவண்டிச் சத்தம் கேட்டதும் கால் விரல் மடங்கிக்கொள்ளும். போர்வையில் படுத்தால் போர்வையோடு தோல் வருகிறது. அதனால் டாக்டர், "வாழை இலை கிடைக்குமா? தினமும் புதுசா வேணும், கழுவி எண்ணெய் தடவி விரிச்சுப் படுக்க வெக்கலாம், ஒட்டாது," என்றார்.

அதைக் கேட்டதிலிருந்து இலை பவுனக்காவின் வேலையாயிற்று. விடியும் முன் எங்கேயோ தோட்டத்தில் கேட்டு அறுத்து, முதல் பஸ்ஸில் ஏற்றிக்கொண்டு வருவாள், என்னைப் பார்த்துவிட்டு அளத்து வேலைக்கு ஓடுவாள். நான்காம் நாள் கண்டக்டர் கேட்டாராம்.

"இன்னாம்மா, தெனைக்கும் கல்யாணமா?"

"ஆமாம்பா. நம்ப வூட்டுப் பொண்ணு இலையில ஒக்காந்துகினு எழுந்துக்கவே மாட்டேன்றா."

அந்த இரண்டு குடம் தண்ணீரைப் பற்றி அவள் ஒரு வார்த்தை பேசவில்லை. நானும் கேட்கவில்லை. இலையின் நடு நரம்பைச் சீவி, முதுகில் குத்தாமல் விரிப்பாள். எண்ணெய் தடவும்போது அவள் விரலும் என்னுடையது போலத்தான், ரேகை இல்லாமல் வழவழவென்று இருக்கும்.

வீட்டுக்காரர் பழைய வேட்டிகளைக் கிழித்து, கொதிக்க வைத்து, காய வைத்துக் கொண்டுவருவார். ரேவதி கேழ்வரகுக் கூழை மோரில் கரைத்து உறிஞ்சு குழல் போட்டுத் தருவாள். டாக்டர் உப்பைக் குறைக்கச் சொல்லிவிட்டார், ஸ்டீராய்டு எடுத்தால் உப்பு உடம்பில் நீர் கோக்குமாம். உப்பில்லாத கூழை ஒரு வாய் குடித்துப் பார்த்த வீட்டுக்காரர், "ஊருக்கே உப்பு வாரிப் போட்டோம், நமக்கு ஒரு கல்லு இல்ல," என்று டம்ளரைக் கீழே வைத்தார். மறுநாளிலிருந்து அவரும் அதையே குடித்தார். வேண்டாம் என்றால் கேட்கவில்லை.

பக்கத்துக் கட்டில் அம்மா கால் ஆறாத சர்க்கரைப் புண்ணோடு படுத்திருந்தார். அவருக்கும் கார்டுதான். "நீ எம்மாம் கட்ன?" என்றார். ஒன்பதாயிரம் என்றேன். "கார்டுக்கு ஒரு பைசா வாங்கக் கூடாதே. நான் ஒண்ணும் கட்டல," என்றார். அந்த ராத்திரி நான் தூங்கவில்லை. அது ஸ்டீராய்டா, பயமா, கோபமா என்று எனக்குத் தெரியவில்லை.

ஆறாம் நாள் வியாழக்கிழமை. காலை ரவுண்டு முடிந்ததும் கீழேயிருந்து ஒரு சீட்டு வந்தது. முன்பணம் தீர்ந்துவிட்டது, இன்னும் பன்னிரண்டாயிரம் கட்ட வேண்டும், இல்லாவிட்டால் மாலையில் டிஸ்சார்ஜ். முதுகில் பாதி இன்னும் பச்சை. வீட்டுக்காரர் சீட்டை மடித்து ஜேபியில் வைத்துக்கொண்டு, "தோட்டைக் கழட்டு, வெச்சிட்டு வர்றேன்" என்றார்.

காதில் இருந்த தோட்டைத் தொட்டேன். கழற்றவில்லை.

"கீழ போலாம். என்னையும் கூட்டிக்கினு போ."

"இந்தக் கோலத்துலயா?"

"இந்தக் கோலத்துலதான்."

பவுனக்கா அன்றைக்கு முதல் பஸ்ஸை விட்டுவிட்டு, அப்போதுதான் இலையோடு வந்திருந்தவள், வேலைக்குப் போகாமல் கூடவே வந்தாள். இலைக் கட்டை விரிக்க நேரமில்லாமல் வீட்டுக்காரர் தோளிலேயே வைத்துக்கொண்டார். எண்ணெய் தடவிய உடம்பில் வேட்டித் துணி, கையில் கம்பி, அதில் பாட்டில். லிஃப்டில் ஏறியவர்கள் எங்களைப் பார்த்து ஓரம் நகர்ந்தார்கள்.

ஜன்னலுக்கு முன்னால் போய் நின்று எண்ணினேன். ஏழு பேர்.

"தம்பி, டாக்டரு எழுதிக் குடுத்திருக்காங்க. கார்டுல வருதுன்னு அவங்களே சொன்னாங்க. கார்டு போடுங்க," என்றேன்.

"ரேகை விழலையே மேடம். சிஸ்டம் எடுக்காது."

"இன்னொரு தபா வெக்கறேன்."

வலது கட்டை விரல் சிவப்பு. இடது கட்டை விரல் சிவப்பு. ஆள்காட்டி, நடு விரல் என்று வரிசையாக வைத்தேன். ஒவ்வொரு சிவப்புக்கும் பவுனக்கா பல்லைக் கடித்துக்கொண்டிருந்தாள். "நல்லா அழுத்தி வையுங்க," என்றார் தம்பி. மறுபடியும் வலது கட்டை விரலை வைத்து அழுத்தினேன். எடுத்தேன். விரல் வந்தது, தோல் வரவில்லை. நுனித் தோல் அந்தக் கண்ணாடியிலேயே ஒட்டிக்கொண்டு இருந்தது, வெங்காயச் சருகு மாதிரி.

தம்பி நாற்காலியோடு பின்னால் போனார்.

எனக்கு நடுங்கியது. வலியால் இல்லை. இத்தனை வருஷம் எல்லாவற்றுக்கும் நடுங்கிய அதே நடுக்கம்தான், ஆனால் இந்தத் தடவை குரல் வந்தது. "கேட்டீங்க, குடுத்துட்டேன். வெச்சிக்குங்க. ரேகை இருக்குதான்னு நல்லாப் பாருங்க. உங்க வூட்டுக் கொழம்புல போடற உப்ப வாரித்தான் அது போச்சு. பன்னெண்டாயிரம் நான் கட்ட மாட்டேன். கார்டு போடற வரைக்கும் இங்கதான் நிப்பேன். டிஸ்சார்ஜ்னா இங்கயே, இந்த இலைய விரிச்சுப் படுத்துப்பேன்."

பக்கத்து ஜன்னல் பெண் நோட்டு எண்ணுவதை நிறுத்திவிட்டாள். அப்போது பின்னாலிருந்து துடைப்பத்தை வாளியில் நிறுத்திவிட்டு ஸ்டெல்லா சொன்னாள், யாரிடமும் சொல்லாத மாதிரி.

"போன மாசம் கை வெந்து போன ஒருத்தருக்குக் கண்ண வெச்சு எடுத்தீங்களே சார். அந்த மெஷின் கீழ் டிராயர்ல இருக்குது. தொடைக்க சொல்ல பாத்தேன்."

பெஞ்சிலிருந்த வானூர்ப் பெரியவர், "டிராயரத் தொறய்யா," என்றார்.

தம்பி டிராயரைத் திறந்தார். "இது ஸ்லோ மேடம், டைம் ஆவும், அதான்..." என்று முனகிக்கொண்டே பைனாகுலர் போல ஒன்றை எடுத்து ஒயரைச் சொருகினார். கண்ணில் வைத்தார். எடுக்கவில்லை. அதற்குள் எனக்கு அழுகை வந்துவிட்டிருந்தது.

"கண்ணுல தண்ணி இருந்தா விழாது. தொடைச்சிட்டு வாங்க," என்றார்.

அழக்கூட விடவில்லை. வீட்டுக்காரர் வேட்டித் துணியின் ஓரத்தால் ஒத்தி எடுத்தார். இமைக்காமல் பார்த்தேன், பச்சை எரிந்தது. பவுனக்கா சாமி கும்பிடுகிற மாதிரி அந்த மெஷினைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

மத்தியானத்துக்கு மேல் அப்ரூவல் வந்தது. "நாங்க கட்டின ஒன்பதாயிரம்?" என்று நான் அங்கேயே கேட்டேன். "டிஸ்சார்ஜ் அன்னைக்கு வந்துடும்," என்றார் தம்பி. இதுதான் நடந்தது. இவ்வளவுதான் பேச்சு. மேனேஜர் வரவில்லை, யாரும் எதையும் விளக்கவில்லை, நான் எதற்கும் தலையாட்டவில்லை.

டாக்டர் அம்மா மாலையில் விரலுக்கு மருந்து போட வைத்தார். நடந்ததைக் கேள்விப்பட்டிருந்தார். "எனக்கு ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமே," என்றார். "உங்களுக்கு வைத்தியம் தெரியும் டாக்டர், அது போதும்," என்றேன். அவர் மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை. அவரிடம் தாராளமாகப் போங்கள்.

மூன்று வாரம் நான்கு நாள் இருந்தேன். முதுகு மூடிற்று. புதுத் தோல் கறுப்பாக வந்திருக்கிறது, நாளாக நாளாகச் சரியாகும் என்றார். மாத்திரையை நாமாக நிறுத்தக் கூடாது, டாக்டர் படிப்படியாகக் குறைப்பார். நிறுத்தினால் திரும்ப வரும். முகம் பூசணி மாதிரி இருக்கிறது. பவுனக்கா, "இப்பத்தான் மூஞ்சில ஒரு களை" என்கிறாள்.

டிஸ்சார்ஜ் அன்றைக்குப் பணம் வரவில்லை. அடுத்த வாரம் என்றார்கள், அடுத்த மாதம் என்றார்கள். பிறகு, அது கார்டு போடுவதற்கு முந்தின நாட்களின் செலவு, திரும்ப வராது என்றார்கள். திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸ் குறைதீர் கூட்டத்தில் மனு கொடுத்தேன். ரேவதி எழுதினாள், நான் சொன்னேன். வரிசையில் நிற்கும்போது திரும்பிவிடலாமா என்று நான்கு தடவை நினைத்தேன். திரும்பவில்லை. காப்பீட்டு அதிகாரி ஒருவரிடம் அனுப்பினார்கள். அவர் கேட்டதற்கு ஆஸ்பத்திரி கொடுத்த பதில்தான் அந்த எட்டாவது ஆள் கடிதம். அதில், ஒன்பதாயிரம் திரும்ப வராது என்று மேனேஜர் வியாழக்கிழமை விளக்கினாராம்.

அதிகாரி அதைப் படித்துவிட்டு, "மேனேஜர் இருந்தார்னு போட்டிருக்காங்களேம்மா," என்றார்.

"இல்ல சார். ஏழு பேரு."

"அது எப்படி அவ்ளோ கரெக்டா சொல்றீங்க?"

"பயம் சார். பயத்துல எண்ணுவேன்."

அந்த ஏழு பேர் யார் யார் என்று சொல்லச் சொன்னார், சொல்லிக்கொண்டே வந்தேன். ஸ்டெல்லாவிடம் வந்து நிறுத்திவிட்டேன். அவளுக்கு வேலை போய்விடுமோ என்று பயம். வெளியே வந்து அவளுக்கே போன் போட்டேன்.

"எழுதுக்கா," என்றாள். "வெறும் ஸ்டெல்லான்னு எழுதாத, இங்க ரெண்டு ஸ்டெல்லா. கிரவுண்ட் ஃப்ளோர் ஸ்டெல்லான்னு எழுது."

எழுதிக் கொடுத்தேன். ஸ்டெல்லா இன்றைக்கும் அங்கேதான் துடைக்கிறாள்.

போன வாரம் ஆஸ்பத்திரியிலிருந்து கூப்பிட்டார்கள். அதே ஜன்னல், வேறு ஆள். ஒரு கவரில் மூவாயிரத்து ஐந்நூறு ரூபாய் வைத்து, ஒரு தாளை நீட்டினார். 'முழுத் தொகையையும் பெற்றுக்கொண்டேன்' என்று அச்சடித்திருந்தது. பேனாவை வாங்கி 'முழு' என்பதை அடித்தேன். பக்கத்தில், வாங்கியது எவ்வளவு, வர வேண்டியது எவ்வளவு என்று எண்ணாலும் எழுத்தாலும் எழுதினேன். அந்த ஆள் அதைப் படித்துவிட்டுக் கேட்டார்.

"கையெழுத்தா, ரேகையா மேடம்?"

"கையெழுத்து," என்றேன்.

போட்டேன். அடுத்த திங்கட்கிழமையும் முதல் பஸ்ஸில் கலெக்டர் ஆபீஸ் போகிறேன், பவுனக்காவும் வருகிறாள். அவர்கள் எனக்கு இன்னும் தர வேண்டியது ஐயாயிரத்து ஐந்நூறு ரூபாய்.